குன்று, குழி, குடைவரை: மதுரையைச் சுற்றி ஒரு நாள்

மதுரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், ஒரு கோப்பை ஜிகர்தண்டா ஆகியவற்றோடு இரவு ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். கோயிலைப் பார்க்க ஒரு நாள் போதாது என்பது உண்மைதான். ஆனாலும் இன்னொரு நாளை எப்படியாவது ஒதுக்குங்கள். ஊருக்கு வெளியே, பஸ்ஸில் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் போகும் தொலைவில் குன்றுகளும் அகழாய்வுக் குழிகளும், பாறையைக் குடைந்து செய்த கோயில்களான குடைவரைகளும் இருக்கின்றன. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்தவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிவிட்டுப் போன இடங்கள் அவை. அரசர்களின் பெயர்கள் சிலவே. பானை வாங்கியவர், மகனைத் துறவுக்குக் கொடுத்த தாய், அண்ணன் விட்டுப்போன வேலையை முடித்த தம்பி என்று நம்மைப் போன்றவர்களின் பெயர்களே அங்கே மிகுதி. அவற்றைத் தேடிப்போவதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஒரு நாளுக்கு மூன்று இடங்கள் போதும். காலையில் கீழக்குயில்குடி சமணர்மலை, உச்சி வெயில் நேரத்தில் கீழடி அருங்காட்சியகம், மாலையில் ஒத்தக்கடை யானைமலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இது பாறையின் சூட்டைப் பார்த்துப் போட்ட வரிசை. முதல்முறை நான் சமணர்மலைக்கு ஒரு மே மாதம் பதினொரு மணிக்குப் போனேன். பாதி ஏற்றத்திலேயே பாறை உள்ளங்காலைச் சுட்டுவிட்டது. சிற்பத்தின் முன்னால் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியாமல் இறங்கிவிட்டேன். அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம்.

கிளம்புவதற்கு முன்

மழை ஓய்ந்த டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். சித்திரைத் திருவிழாவைப் பார்க்க வருகிறவர்கள் குன்றுகளை விடியற்காலையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வழுக்காத செருப்பு அல்லது ஷூ, தலைக்கு ஒரு துண்டு, ஒரு கைவிளக்கு. கைவிளக்கு குகை இருட்டுக்கு மட்டுமல்ல. தேய்ந்த கல்வெட்டை நேரே வெளிச்சம் பாய்ச்சிப் படிக்க முடியாது. விளக்கைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், ஒவ்வொரு கீறலிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். செல்போன் விளக்கும் இதற்குப் போதும். எழுத்து தெரியவேண்டும் என்பதற்காகச் சாக்பீஸ் பொடியையோ விபூதியையோ எண்ணெயையோ பூசாதீர்கள். ஒருவர் பூசினால் அடுத்து வருகிறவர் கழுவித் தேய்ப்பார். இப்படித் தேய்த்தே மங்கிப்போன எழுத்துகள் நிறைய.

இன்னொரு தயாரிப்பும் உண்டு. முந்தின இரவு அரை மணி நேரம் போதும். தமிழி என்றும் தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் பழைய எழுத்தில் நான்கைக் கற்றுக்கொள்ளுங்கள். 'க' என்பது கூட்டல் குறி. 'ர' என்பது ஒரு நேர்க்கோடு. 'ட' என்பது வலப்பக்கம் திறந்த அரைவட்டம். 'ந' என்பது படுக்கைக்கோட்டின் மேல் நிற்கும் நேர்க்கோடு. இந்த நான்கும் கண்ணில் பதிந்துவிட்டால் மறுநாள் கீழடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானை ஓடு வெறும் ஓடாக இருக்காது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பெரியவர்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு மதுரையில் ஒரு நல்ல வழி இருக்கிறது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்துக்கு எதிராக மக்கள் திரண்ட காலத்தை ஒட்டி, 2010-இல் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை' என்னும் குழு, இந்தக் குன்றுகளுக்கு விடுமுறை நாள் காலையில் கூட்டாக நடந்துபோகிறது. தொல்லியல் அறிஞர்கள் பாறையருகே நின்று விளக்குவார்கள். உங்கள் பயணத் தேதியில் நடை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் உங்கள் திட்டத்தையே அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

விடியற்காலை: சமணர்மலை

கீழக்குயில்குடி, மதுரைக்கு மேற்கே, தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு முன்பே பிரிந்துபோகும் ஊர். பெரியார் நிலையத்திலிருந்து நகரப் பேருந்து உண்டு. ஆனால் அதன் நேரத்தை நம்பிச் சூரியோதயத்தைத் தவறவிட வேண்டாம். போகும்போது ஆட்டோ, வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மலையடிவாரத்தில் இருக்க வேண்டும்.

இறங்கியதும் மலைக்கு ஓடாதீர்கள். அடிவாரத்தில் ஐயனார் கோயில், தாமரைக் குளம், விழுதுவிட்ட பெரிய ஆலமரங்கள். இந்த மூன்றுக்கும் கால் மணி நேரம் கொடுங்கள். ஊர்க்காரர்கள் அந்த நேரத்தில் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள். மலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. வழியும் அவர்களே காட்டுவார்கள்.

முதலில் செட்டிப்புடவு. மலையின் தென்மேற்குப் பக்கமாகச் சுற்றிப்போக வேண்டும். புடவு என்றால் குகை. குகைக்கு வெளியே பாறையில் மிகப் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் அருளாளர், அமர்ந்திருக்கிறார். அவருடைய நீண்ட காதுகளைப் பார்த்துச் செட்டியார் என்று ஊர் மக்கள் சொல்ல, இடத்துக்கும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. குகைக்குள் குனிந்து போய் மேலே பாருங்கள். வளைந்த கூரையில் வரிசையாக ஐந்து சிற்பங்கள். நடுவே தீர்த்தங்கரர்கள் மூவர். ஓரத்தில் சிங்கத்தின்மேல் அமர்ந்து யானைமேல் வருகிறவனோடு போரிடும் இயக்கி என்னும் சமணப் பெண்தெய்வம். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர்களின் குகையில் இப்படி ஒரு போர்க்கோலம் எப்படி வந்தது என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது. கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். முடிந்தால் தரையில் படுத்துப் பாருங்கள், அதுதான் வசதி.

பிறகு ஐயனார் கோயிலுக்குத் திரும்பி, பின்னால் ஏறும் படிகளில் பேச்சிப்பள்ளத்துக்குப் போங்கள். படியும் கைப்பிடியும் இருக்கின்றன. மூச்சு வாங்கினால் நின்று நிதானமாக ஏறலாம். ஒரு சுனை, அதன் மேலே பாறையில் ஒரே வரிசையில் எட்டுச் சிற்பங்கள். ஐந்தலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதரையும், கொடி சுற்ற நிற்கும் பாகுபலியையும் எளிதில் அடையாளம் காணலாம். சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள். கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டு எழுத்து அது. இன்றைய தமிழ் தெரிந்தவர்களுக்கு நேராகப் படிக்க வராது. எனவே வாசகங்களை முன்கூட்டியே எழுதி எடுத்துப்போவது நல்லது.

எல்லாவற்றையும் எடுத்துப்போகாவிட்டாலும் இந்த ஒன்றையாவது எடுத்துப்போங்கள்: 'அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.' அச்சணந்தி தமிழகத்தின் பல குன்றுகளில் பெயர் பொறித்த புகழ்பெற்ற சமணத் துறவி. இங்கே ஒரு சிற்பத்தைச் செய்யவைத்தவர் அவருடைய அம்மா. துறவு என்பது தாயையும் விட்டுப்போவது. விட்டுப்போன மகனின் பெயரைச் சொல்லி, அவனுடைய தாய் நான் என்று பாறையில் வெட்டவைத்திருக்கிறார் குணமதியார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வரி தேயவில்லை. நான் மதுரைக்கு யாரை அழைத்துப்போனாலும் இந்த வரியின் முன்னால்தான் முதலில் நிறுத்துகிறேன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் மறுபடி வேண்டியிருக்கும்.

கால் அனுமதித்தால் இன்னும் மேலே ஏறலாம். பாண்டியர் காலத்தில் மாதேவிப் பெரும்பள்ளி என்று சமணத் துறவிகளின் பள்ளி ஒன்று இருந்ததற்கான அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. உச்சியில் விளக்குத்தூண் ஒன்றும், அருகே ஒரு கன்னடக் கல்வெட்டும் உண்டு. கன்னட நாட்டிலிருந்து இந்தக் குன்றைத் தேடிச் சமணர்கள் வந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் உச்சியை விட்டுவிடுங்கள். ஒன்பது, ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும்.

குன்றில் கழிப்பறையும் கடையும் கிடையாது. பெண்கள், முதியவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கிளம்புவது நல்லது. பாறைச் சரிவுகளில் தேன்கூடு தெரிந்தால் சத்தம் போடாமல் விலகி நடங்கள். காலை உணவை நாகமலைப் புதுக்கோட்டையிலோ திரும்பும் வழியில் நகரத்திலோ சாப்பிடலாம். வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் கண்ணில் பட்டால் ஒரு கோப்பை குடியுங்கள். பருத்திக்கொட்டைப் பாலும் கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்த அந்தச் சூடு, மலை இறங்கிய உடம்புக்கு மருந்து மாதிரி.

உச்சி வேளை: கீழடி

கீழடி சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். மானாமதுரை, ராமநாதபுரம் போகும் சாலையில் சிலைமான் தாண்டிக் கீழடி விலக்கு. எல்லாப் பஸ்களும் விலக்கில் நிற்காது. ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். விலக்கிலிருந்து ஆட்டோ வேண்டியிருக்கும். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை எந்த நாள் என்று முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் வெயிலில் நிற்பது கொடுமை.

அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டைப் போல முற்றமும் ஓட்டுக்கூரையுமாகக் கட்டியிருக்கிறார்கள். பல கட்டடங்களாகப் பிரிந்திருப்பதால் எங்கே தொடங்குவது என்று குழப்பம் வரும். நுழைந்ததும் ஒலி ஒளிக் காட்சியைப் பார்த்துவிட்டு, பிறகு வரிசையாக நடங்கள். பின்னணி தெரியாமல் நேரே பொருள்களைப் பார்க்கிறவர்கள் இருபது நிமிடத்தில் வெளியே வந்து, பானைதானே என்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இங்கே அரண்மனையும் இல்லை, பெரிய சிலைகளும் இல்லை. நூல் நூற்கும் தக்களி, எலும்பில் செய்த கூர்முனை, தாயக்கட்டை, வட்டுச்சில்லு, சூதுபவள மணி, சுடுமண் உறைகிணறு என்று வீட்டுப் பொருள்கள்தான் எல்லாம். நெய்தார்கள், விளையாடினார்கள், தண்ணீர் எடுத்தார்கள். ஓர் ஊர் வாழ்ந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

வரலாற்றைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டு போவது உதவும். 2014-இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே வேலையைத் தொடங்கியது. 2018-இல் நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தோண்டுகிறது. அந்தக் கட்டத்தில் எடுத்த கரி மாதிரி ஒன்று அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, அதன் காலம் கி.மு. 580 என்று வந்தது. 2019-இல் அந்த அறிக்கை வெளியானபோதுதான் தமிழ் எழுத்தின் பழமை வீட்டுத் திண்ணைப் பேச்சானது.

இனி, நேற்றிரவு கற்ற எழுத்துகளுக்கு வேலை. எழுத்துப் பொறித்த ஓடுகள் உள்ள கூடத்தில் குறைந்தது முக்கால் மணி நேரம் செலவிடுங்கள். நான்காம் கட்டத்தில் மட்டும் 56 தமிழி எழுத்துப் பொறிப்புள்ள ஓடுகள் கிடைத்தன. 'ஆதன்', 'குவிரன் ஆத' என்பவை அவற்றில் பெயர்பெற்றவை. பானையின் கழுத்திலும் தோளிலும் கீறியிருக்கிறார்கள். கையெழுத்து ஒன்றுபோல் இல்லை. குயவர் ஒருவரே எழுதியிருந்தால் ஒரே கை தெரியும். ஆகவே பானையை வைத்திருந்தவர்களே பெயரைக் கீறியிருக்க வேண்டும் என்பது அறிக்கையின் முடிவு. நம் அம்மாக்கள் எவர்சில்வர் தூக்கில் பெயர் வெட்டி வைப்பார்களே, அதே காரியம்தான். ஆதன் யார், என்ன தொழில் செய்தான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தன் பானை அடுத்த வீட்டுப் பானையோடு கலந்துவிடக் கூடாது என்று நினைத்தான். எழுதவும் தெரிந்திருந்தது.

அகழாய்வு நடந்த தென்னந்தோப்பு அருங்காட்சியகத்திலிருந்து தனியே இருக்கிறது. குழிகள் மூடியிருக்குமா திறந்திருக்குமா என்பது பருவத்தைப் பொறுத்தது. பார்க்க முடியுமா என்று அருங்காட்சியக ஊழியரிடம் கேளுங்கள். குழியின் விளிம்பில் நிற்காதீர்கள், மண் சரியும். கீழே ஓடு கிடந்தாலும் எடுக்க வேண்டாம். இடம் மாறிய ஓட்டுக்கு வயது சொல்ல முடியாது. பக்கத்துக் கொந்தகை, இந்த மக்கள் தங்கள் முன்னோரை முதுமக்கள் தாழியில் வைத்துப் புதைத்த இடம். அருங்காட்சியகத்திலேயே அதைப் பற்றிப் பார்த்துவிடலாம், தனியாக அலைய வேண்டியதில்லை.

கீழடியில் பெரிய உணவகங்களை எதிர்பார்க்க வேண்டாம். கட்டுச்சோறு கொண்டுபோனால் நிம்மதி. இல்லையென்றால் மதியச் சாப்பாட்டுக்குச் சிலைமான் பக்கம் வந்துவிடுங்கள்.

மாலை: யானைமலை

கீழடியிலிருந்து நகரத்துக்குள் நுழையாமல், விரகனூர் வந்து சுற்றுச்சாலையில் ஏறினால் உத்தங்குடி வழியாக ஒத்தக்கடை. பஸ்ஸில் வருகிறவர்கள் மாட்டுத்தாவணி வந்து மேலூர் சாலைப் பஸ் ஏற வேண்டும். தூரத்திலிருந்தே மலை தெரியும். துதிக்கையை நீட்டிப் படுத்த யானை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் கிராமத்துக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள்.

நான்கு மணிக்கு முதலில் சமணர் சிற்பங்களுக்கு ஏறிவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே அதை முடிக்க வேண்டும், கோயில் காத்திருக்கும். பாறையில் தீர்த்தங்கரர்களும் இயக்கியும் வரிசையாக இருக்கிறார்கள். சுதை பூசி வண்ணம் தீட்டிய தடம் சில இடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள், தொடாதீர்கள். கீழே உள்ள வட்டெழுத்தில் ஒரு பெயர் அச்சணந்தி. காலையில் தாயாரின் பெயரோடு பார்த்தோமே, அவரேதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஊரின் மேற்கே தாய், வடகிழக்கே மகன். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தொலைவு என்னவென்று தெரியும்.

இறங்கிவந்து யோக நரசிம்மர் கோயில். முன்மண்டபங்களைக் கடந்து உள்ளே போனால் கருவறை பாறையைக் குடைந்தது என்று புரியும். வழிபாடு நடக்கும் கோயில் இது. மாலை நடை திறந்தபின் போய், தரிசனம் முடித்து, கூட்டம் குறைந்ததும் கல்வெட்டு எங்கே என்று அர்ச்சகரிடம் கேளுங்கள். பூசை நேரத்தில் கைவிளக்கோடு சுவரைத் தடவிக்கொண்டு நிற்காதீர்கள். படம் எடுப்பதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கி.பி. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி இந்தக் கற்றளியை, அதாவது கற்கோயிலை, செய்தார். கும்பாபிஷேகம் என்று இன்று நாம் சொல்வதை அன்று நீர்த்தெளித்தல் என்றார்கள். நீர் தெளிக்கும் முன்பே மாறன் காரி இறந்துபோனார். அவருக்குப் பின் அமைச்சர் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தைக் கட்டி, 'நீர்த்தெளித்தான்' என்று கல்வெட்டு முடிகிறது. அண்ணன் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எதுவரை அண்ணன், எதிலிருந்து தம்பி என்று பிரித்து எழுதவைத்திருக்கிறான். எவ்வளவு அழகான கணக்கு!

சற்றுத் தள்ளி லாடன் கோயில் என்று சிறிய குடைவரை ஒன்று இருக்கிறது. முருகனும் தேவசேனையும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். வெளிச்சம் மிச்சமிருந்தால் பாருங்கள். ஏழு மணிக்குள் ஒத்தக்கடைக்கு வந்துவிட்டால் மாட்டுத்தாவணிக்குப் பஸ் அடிக்கடி கிடைக்கும்.

இன்னொரு நாள் இருந்தால்

மாங்குளம் போங்கள். மீனாட்சிபுரம் கிராமத்தை ஒட்டிய மலை. ஏற்றம் சமணர்மலையைவிடக் கடினம், வழிகாட்ட ஊர்க்காரர் ஒருவர் தேவை. குகைகளின் நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாதபடி காடி வெட்டி, அதை ஒட்டித் தமிழியில் எழுதியிருக்கிறார்கள். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரும், வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவான நிகமத்தோர் பெயரும் அங்கே இருக்கின்றன. கிறித்து பிறப்பதற்கு முந்தைய எழுத்துகள். உள்ளே துறவிகளுக்காக வழுவழுப்பாக்கிய கற்படுக்கைகள். மதுரைப் பக்கம் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். வழி கேட்கும்போது அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியும் இதே நாளில் சேரும். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட இடம். கற்படுக்கை, தமிழிக் கல்வெட்டு, குடைவரைச் சிவன் கோயில், அதில் சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசரின் அரிதான சிற்பம், வானத்தில் வல்லூறுகள். இந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் மக்கள் போராடினார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதைக் கைவிட்டது. அந்த மலையைக் காப்பாற்றிய ஊர் அது. எனவே போனதும் வண்டியைக் குடைவரை வாசல்வரை ஓட்டாதீர்கள். ஊருக்குள் நிறுத்தி, டீக்கடையில் உட்கார்ந்து, இன்ன ஊரிலிருந்து வருகிறோம், இந்த மலையைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். யாராவது ஒருவர் கூடவே வருவார். வல்லூறு எந்தப் பாறையில் உட்காரும் என்பது அவருக்குத்தான் தெரியும்.